50-ஆவது எழுத்தோடு நின்றுபோகும் முகவரி: ஸ்டோர்டு புரொசீஜரில் ஸ்ட்ரிங் எங்கே வெட்டுப்படுகிறது?

#1 ஏலக்காய்_கணக்கு (போடிநாயக்கனூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஏலக்காய் கொள்முதல், லாட், பில் மூன்றுக்குமான டேட்டாபேஸ். எஸ்கியூஎல் சர்வர் 2019, கம்பாட்டிபிலிட்டி லெவல் 150. முன்னால் சி ஷார்ப் அப்ளிகேஷன். விவசாயி பெயர், முகவரி எல்லாம் தமிழில் ஏறும்.

நம் பக்கத்து முகவரிகள் ஒழுங்காக நிற்கின்றன. மலைக்கு மேலே இருந்து வருபவைதான் அறுந்துபோகின்றன. கேரள முகவரி என்றால் வீட்டுப்பெயர், வார்டு, போஸ்ட் ஆபீஸ், தாலுகா, மாவட்டம், கடைசியில் 685-ல் தொடங்கும் பின்கோடு என்று நீளும். அதில் ஒன்று "…வண்டன்மேடு பி.ஓ., உடும்பன" என்பதோடு நிற்கிறது. உடும்பன்சோலையில் ன-வுக்கு மேல் இருக்க வேண்டிய புள்ளிகூட இல்லை.

முகவரி ஃபீல்டு முன்பு என்வார்சார்(50), அதாவது 50 வரை ஏற்கும் யூனிகோடு ஸ்ட்ரிங் வகை, இப்போது என்வார்சார்(150). எஸ்எஸ்எம்எஸ்-ல் (எஸ்கியூஎல் சர்வரின் நிர்வாகக் கருவி) நேரடியாக இன்சர்ட் போட்டால் முழுதாக ஏறுகிறது. 151 எழுத்து கொடுத்தால் நீளம் மிஞ்சுகிறது என்று 2628 எரர் வருகிறது. ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) வழியாகப் போனால் மட்டும் எரர் இல்லாமல் வெட்டு. இன்னும் இரண்டு இடம்: குறிப்பு ஃபீல்டில் ஒரே ஒரு எழுத்துதான் ஏறுகிறது, ரிப்போர்ட்டில் வாங்குபவர் பெயர் 30 எழுத்தில் நின்றுவிடுகிறது. மூன்றும் ஒரே கோளாறா, வேறு வேறா?

#2 மெட்டுச்சாலை (குமுளி)

அண்ணே, மூன்றும் ஒரே குடும்பம், இருக்கும் இடம்தான் வேறு. நீங்கள் கொடுத்த எண்களே இடத்தைக் காட்டிவிட்டன.

முதலில் 50. டேபிளை அகலப்படுத்தினால் புரொசீஜர் தானாக அகலாது. அதன் பாராமீட்டர் (வெளியிலிருந்து மதிப்பை வாங்கும் இடம்) இன்னும் என்வார்சார்(50) ஆகவே கிடக்கிறது. பாராமீட்டருக்கு அதைவிட நீளமான மதிப்பு வந்தால் எஸ்கியூஎல் சர்வர் அறிவித்த நீளத்துக்கு வெட்டி உள்ளே விட்டுவிடும். எரரும் கிடையாது, வார்னிங்கும் கிடையாது. "ஆன்சி_வார்னிங்ஸ்" ஆன் செய்திருந்தாலும் புரொசீஜர் பாராமீட்டருக்கும், டிக்ளேர் செய்து மதிப்பு ஏற்றும் வேரியபிளுக்கும் அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. 2628, அதற்கு முந்தைய 8152 இரண்டும் டேபிளில் எழுதும் நேரத்துக்கான காவல். வாசலிலேயே 50 ஆகச் சுருங்கிவிட்ட ஸ்ட்ரிங் 150 ஃபீல்டுக்குள் தாராளமாகப் போகும். டேபிள் எதைப் பார்த்துக் குறை சொல்லும்?

அடுத்து 1. பாராமீட்டரிலோ டிக்ளேரிலோ வெறும் "வார்சார்" அல்லது "என்வார்சார்" என்று எழுதி அடைப்புக்குறியில் நீளம் கொடுக்காமல் விட்டால் நீளம் 1. குறிப்பு பாராமீட்டரின் வரியைத் திறந்து பாருங்கள், நீளம் விட்டுப்போயிருக்கும்.

30 எழுத்துக்கும் காரணம் அதே மறதிதான், இடம் மட்டும் மாறுகிறது. வகை மாற்றும் காஸ்ட், கன்வர்ட் இரண்டுக்குள்ளும் நீளம் எழுதாவிட்டால் 30 என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வார்த்தை ஓரிடத்தில் 1, இன்னோரிடத்தில் 30. ஆகவே நீளம் இல்லாத வார்சார் எங்கே கண்ணில் பட்டாலும் அது பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற எண்களையும் மனதில் வையுங்கள். 128-ல் அறுந்தால் வழியில் எங்கோ "சிஸ்நேம்" வகை இருக்கிறது. 4000 அல்லது 8000 என்றால் மேக்ஸ் (மிக நீளமான மதிப்பையும் ஏற்கும் வகை) இல்லாத ஸ்ட்ரிங்குகளை ஒட்டியிருக்கிறீர்கள். 2047 என்றால் ரெய்ஸ்எரர் செய்தி. 256 என்றால் பெரும்பாலும் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எஸ்எஸ்எம்எஸ்-ல் "ரிசல்ட்ஸ் டு டெக்ஸ்ட்" முறையில் ஒரு ஃபீல்டுக்கு முன்னிருப்பாக அவ்வளவுதான் காட்டும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் பைட் கணக்கைச் சொல்லும் டேட்டாலெங்த் போட்டுப் பாருங்கள்.

#3 பள்ளத்தாக்கு_கோடு (கம்பம்)

மெட்டுச்சாலை சொன்னது சர்வர் பக்கம். அப்ளிகேஷன் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு கத்தி இருக்கிறது. எஸ்கியூஎல்பாராமீட்டரில் "சைஸ்" என்று ஒரு பண்பு. அதில் 50 என்று எழுதி 120 எழுத்து மதிப்பைக் கொடுத்தால், சர்வருக்குக் கிளம்பும் முன்பே 50 ஆகிவிடும். அங்கும் எக்செப்ஷன் எதுவும் வராது. பழைய கோடு ஜெனரேட்டர்கள் டேபிளைப் பார்த்து இந்த சைஸை எழுதி வைத்திருக்கும். டேபிள் மாறிய பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். புரொசீஜரை 150 ஆக்கியும் இன்னும் 50 என்றால் நேரே இங்கே வாருங்கள்.

சைஸ் எழுதாமல் விட்டால் மதிப்பின் நீளத்தையே எடுத்துக்கொள்ளும், வெட்டு விழாது. ஆனால் நேரடி எஸ்கியூஎல் வாக்கியங்களில் ஆட்வித்வேல்யூ போட்டால் 37 எழுத்துக்கு ஒரு பிளான் (குவெரியை ஓட்டும் திட்டம்), 38-க்கு இன்னொன்று என்று பிளான் கேஷ் வீணாக நிரம்பும். அதனால் சைஸ் எழுதுவதே நல்லது, சரியான எண்ணாக எழுத வேண்டும். அவுட்புட் பாராமீட்டருக்கு சைஸ் கட்டாயம் வேண்டும். அங்கே சிறிதாக எழுதினால் திரும்பி வரும் மதிப்பு வெட்டுப்படும்.

எந்தப் பக்கத்தில் வெட்டு என்று பிரிப்பது சுலபம். சர்வரில் நடப்பதைப் பதிவு செய்து காட்டும் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸில் "ஆர்பிசி_கம்ப்ளீட்டட்" ஈவென்டைப் பிடியுங்கள், அந்தப் புரொசீஜர் பெயருக்கு மட்டும் ஃபில்டர் போட்டு. அதன் ஸ்டேட்மென்ட் பகுதியில் கிளையன்ட் அனுப்பிய மதிப்பு அப்படியே தெரியும். முழுதாக இருந்தால் வெட்டு சர்வருக்குள். அங்கேயே அறுந்திருந்தால் அப்ளிகேஷனில். ஐந்து நிமிஷ வேலை.

#4 அளவுகோல் (செங்கோட்டை)

சோதனைக்கு உண்மையான முகவரியைப் பயன்படுத்தாதீர்கள். எங்கே அறுந்தது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அளவுகோல் ஸ்ட்ரிங் ஒன்று செய்துகொள்ளுங்கள்: பத்துப் பத்து இலக்கமாக, ஒவ்வொரு பத்தும் தான் முடியும் இடத்தின் எண்ணோடு முடிய வேண்டும்.

0000000010000000002000000000300000000040

இப்படியே 200 வரை 20 துண்டு. இதைத் திரையில் முகவரி பெட்டியில் ஒட்டிச் சேமியுங்கள். டேபிளில் கடைசியாக நிற்கும் எண்ணே வெட்டின் அளவு. …0050 என்று முடிந்தால் 50. அதற்குப் பின் மூன்று பூஜ்யம் கூடுதலாக இருந்தால் 53. இந்த ஃபீல்டுக்கு 150 மட்டும் ஓட்டினால் போதும். 200 ஓட்டினால், பாராமீட்டரும் உள் வேரியபிள்களும் 150-ஐவிடப் பெரியதாக இருந்தால்தான் 2628 வரும், சரியாக 150 என்றால் சத்தமில்லாமல் 150-ல் வெட்டும். 2628 வந்தால் நல்ல செய்தி.

ஒரே புரொசீஜருக்குள் மூன்று நான்கு இடத்தில் வெட்டு இருக்கும்போது முதலில் சிறிய எண் தெரியும். அதைச் சரிசெய்தால் அடுத்த எண் தெரியும். 50 போய் 100 வந்தால் "இன்னும் சரியாகவில்லை" என்று திரும்பிப் போகாதீர்கள். ஒரு பூட்டு திறந்துவிட்டது, அடுத்த பூட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

#5 ஏலக்காய்_கணக்கு (போடிநாயக்கனூர்)

எல்லோருக்கும் நன்றி. அளவுகோலை ஓட்டிப் பார்த்தேன். முகவரி 50-ல் நின்றது. ஆர்பிசி_கம்ப்ளீட்டடில் முழுதாக இருந்தது, ஆக சர்வருக்குள். பாராமீட்டரை 150 ஆக்கினேன், இப்போது 100-ல் நிற்கிறது. உள்ளே பார்த்தால் முகவரியின் துண்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு வேரியபிள், அது என்வார்சார்(100). அதையும் மாற்றியதும் 150 முழுதாக ஏறியது.

குறிப்பு பாராமீட்டரில் மெட்டுச்சாலை சொன்னபடியே நீளம் இல்லை. ரிப்போர்ட்டில் காஸ்ட்.

இப்போது கவலை வேறு. புரொசீஜர்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் திறந்து படிக்காமல் இந்த மாதிரிப் பொருந்தாத நீளங்களை மொத்தமாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? இன்னொன்று, தமிழில் 50 என்பது உண்மையில் எத்தனை எழுத்து?

#6 மெட்டுச்சாலை (குமுளி)

உண்டு. "சிஸ்.பாராமீட்டர்ஸ்" வியூவில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் "மேக்ஸ்_லெங்த்" இருக்கிறது. "சிஸ்.காலம்ஸ்" வியூவிலும் அதே பெயரில். பாராமீட்டர் பெயரின் முன்னுள்ள அட் குறியை நீக்கிவிட்டு ஃபீல்டு பெயரோடு ஜாயின் செய்து, பாராமீட்டரின் நீளம் ஃபீல்டைவிடக் குறைவாக உள்ளவற்றை எடுங்கள். பெயர்கள் ஒத்துப்போகும் இடமெல்லாம் ஒரே குவெரியில் வந்துவிடும். எந்தப் புரொசீஜர் எந்த டேபிளைத் தொடுகிறது என்பதற்கு "சிஸ்.எஸ்கியூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபெண்டன்சீஸ்" சேர்த்துக்கொண்டால் பொய்யான பொருத்தங்கள் குறையும்.

மூன்று இடத்தில் கால் இடறும். இந்த நீளம் பைட்டில் இருக்கிறது, என்வார்சார்(50) என்றால் 100 என்று காட்டும். மேக்ஸ் வகைக்கு -1 என்று காட்டும். இதைத் தனியாகக் கையாளாவிட்டால் -1 எல்லாவற்றையும்விடச் சிறிது என்று எண்ணி, நன்றாக இருக்கும் புரொசீஜர்களையெல்லாம் பட்டியலில் கொண்டுவந்து நிறுத்தும். வகையும் ஒன்றாக இருக்க வேண்டும், என்வார்சாரை வார்சாரோடு பைட்டில் ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

நீளம் எழுத மறந்தவற்றைத் தனியாகத் தேடலாம்: வகை வார்சார், நீளம் 1, அல்லது வகை என்வார்சார், நீளம் 2. ஆம்/இல்லை கொடிகள் சில வரும். மிச்சமெல்லாம் பிழை.

ஆனால் இந்த வியூ புரொசீஜரின் வாசலை மட்டுமே காட்டும். உங்களுக்கு 100-ல் வெட்டிய அந்த உள் வேரியபிள் இதில் வராது. அதற்கு "சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸ்" டெஃபினிஷனில் டிக்ளேர் வரிகளைத் தேடித்தான் ஆக வேண்டும். எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்கியூஎல்-க்குக் கொடுக்கும் பாராமீட்டர் வரையறையும் அதே மாதிரிதான். அது வெறும் ஸ்ட்ரிங்காகக் கிடப்பதால் எந்த வியூவுக்கும் தெரியாது, வெட்டு மட்டும் விழும்.

#7 அளவுகோல் (செங்கோட்டை)

தமிழ் எழுத்துக் கணக்கு. உங்கள் உடும்பன்சோலையையே எடுப்போம். நாம் எண்ணினால் உ, டு, ம், ப, ன், சோ, லை, ஏழு எழுத்து. யூனிகோடில் உ, ட, உகரக்குறி, ம, புள்ளி, ப, ன, புள்ளி, ச, ஓகாரக்குறி, ல, ஐகாரக்குறி, 12 குறியீடு. என்வார்சார் எண்ணுவது இந்த 12-ஐத்தான். ஏழாவதில் வெட்டினால் "உடும்பன" என்று வரும். புள்ளி தனிக் குறியீடு, அது எட்டாவது. முதல் பதிவில் புள்ளி காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். தமிழ்த் தரவில் வரி முடிவில் புள்ளியோ கொம்போ காலோ விடுபட்ட எழுத்து நின்றால், அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் என்று விட்டுவிடாமல் நீளத்தை எண்ணிப் பாருங்கள்.

சில விசைப்பலகைகளும் பழைய மாற்றிகளும் ஓகாரக்குறியை ஏகாரக்குறி, கால் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் 13 ஆகிவிடும்.

2019-ல் வந்த யூடிஎஃப்-8 கொலேஷனுக்கு (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் முறை) மாறும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வார்சார்(50) என்றால் 50 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 16 குறியீடுதான் பிடிக்கும், உடும்பன்சோலை ஒன்றே 36 பைட் தின்றுவிடும். மலையாளமும் தெலுங்கும் அதே 3 பைட் கணக்குதான். நகரி, சித்தூர் பக்கம் தெலுங்குப் பெயர் ஏற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

யூடிஎஃப்-8 இல்லாத சாதாரண வார்சாரில் போனால் வெட்டுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும், 12 குறியீட்டுக்கு 12. அது வேறு நோய். என்வார்சார் ஆக்கி, நேரடி ஸ்ட்ரிங்குகளுக்கு முன்னால் ஆங்கில N எழுத்தைப் போட்டால் தீரும்.

#8 வேலி_ஓரம் (வாளையார்)

முதல் மதிப்பு நல் (மதிப்பே இல்லாத நிலை) என்றால் இரண்டாவதைத் தரும் ஐஎஸ்நல் பற்றி யாரும் சொல்லவில்லையே. இது முதல் மதிப்பின் வகையையும் நீளத்தையும் எடுத்துக்கொள்ளும். குறியீட்டு வேரியபிள் என்வார்சார்(10), அது நல் ஆக இருந்தால் "பதிவு செய்யப்படாதவர்" என்று காட்டச் சொல்லி ஐஎஸ்நல் எழுதினால் திரையில் "பதிவு செய்" என்று வரும். சரியாகப் பத்துக் குறியீடு. பார்ப்பவர் அதைக் கட்டளை என்று நினைத்துப் பதிவு செய்யக் கிளம்புவார், எங்கோ அறுந்தது என்ற சந்தேகமே வராது. கோலெஸ் போட்டால் நீளம் பெரியதன்படி வரும், வெட்டு இல்லை.

டைனமிக் எஸ்கியூஎல் கட்டுபவர்களுக்கு: வேரியபிளை என்வார்சார்(மேக்ஸ்) என்று அறிவித்தது மட்டும் போதாது. வலது பக்கம் ஒட்டும் துண்டுகள் எல்லாம் மேக்ஸ் அல்லாதவை என்றால், ஒட்டும்போதே 4000-ல் வெட்டி, வெட்டியதைக் கொண்டுபோய் மேக்ஸ் வேரியபிளில் வைக்கும். முதல் துண்டை என்வார்சார்(மேக்ஸ்) ஆகக் காஸ்ட் செய்துவிட்டு ஒட்டத் தொடங்குங்கள். ரீப்ளேஸ், ரெப்ளிகேட் இரண்டும் அப்படியே, உள்ளே போவது மேக்ஸ் இல்லையென்றால் வெளியே 8000 பைட்டைத் தாண்டாது. பிரின்ட் கட்டளையும் 8000 பைட்டோடு நிறுத்திவிடும், ஆக பிரின்டில் அறுந்து தெரிவது உண்மையில் முழுதாக இருக்கலாம். பெயரை அடைப்புக்குறிக்குள் வைக்கும் குவோட்நேம் (QUOTENAME) இன்னொரு விதம்: 128-ஐத் தாண்டிய மதிப்பு கொடுத்தால் வெட்டாமல் நல் திருப்பும். அதோடு ஒட்டிய மொத்த ஸ்ட்ரிங்கும் நல் ஆகிவிடும்.

#9 லாட்_எண் (நெடுங்கண்டம்)

முகவரி அறுந்தால் தபால் திரும்பி வரும், கண்டுபிடித்துவிடலாம். இதைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

பல லாட்டுகளை ஒரே நேரத்தில் முடிக்க, எண்களைக் காற்புள்ளியிட்டு ஒரே ஸ்ட்ரிங்காகப் புரொசீஜருக்கு அனுப்புவது எல்லா இடத்திலும் உள்ள பழக்கம். பாராமீட்டர் வார்சார்(50) என்று வையுங்கள். 5 இலக்க லாட் எண்கள் 12, நடுவில் 11 காற்புள்ளி, மொத்தம் 71 எழுத்து. 50-ல் வெட்டினால் என்ன ஆகும்? ஒரு எண்ணும் காற்புள்ளியும் சேர்ந்து 6. எட்டு எண் 48 எழுத்தில் முடிந்துவிடும். மிச்சம் 2. ஒன்பதாவது லாட் 10473 என்றால் அதன் முதல் இரண்டு இலக்கம், 10, மட்டும் உள்ளே போகும். கடைசி மூன்று லாட்டுகள் காணாமல் போவது ஒரு பக்கம். சம்பந்தமே இல்லாத, எப்போதோ கணக்கு முடிந்த 10-ஆம் எண் லாட் இப்போது அப்டேட் ஆகிறது. டெலீட் புரொசீஜராக இருந்தால் அது அழிகிறது. எரர் இல்லை. வெட்டுப்பட்ட "10" ஒரு செல்லுபடியான எண்தானே, ஸ்ட்ரிங்ஸ்பிளிட்டும் இன்ட் மாற்றமும் அதை மறுக்காது.

4 இலக்க எண்கள் என்றால் 5-ஆல் 50 சரியாக வகுபட்டு, காற்புள்ளியில் முடியும். அதற்குப் பின் ஒரு வெற்று ஸ்ட்ரிங் கிடைக்கும். வெற்று ஸ்ட்ரிங்கை இன்ட் ஆகக் காஸ்ட் செய்தால் எஸ்கியூஎல் சர்வர் 0 என்று தரும், எரர் தராது. 0 எண்ணில் ஒரு பதிவு வைத்திருந்தால் அதுவும் போச்சு.

தேடலிலும் இதே கதை. பார்ட்டி கோடைப் பாராமீட்டர் 8-ல் வெட்டி, லைக் போட்டு சதவீதக் குறி சேர்த்தால் ஒரு பார்ட்டிக்குப் பதில் அந்த எட்டு எழுத்தில் தொடங்கும் எல்லாப் பார்ட்டிகளும் வருவார்கள். சமக்குறி போட்டிருந்தால் அந்த எட்டு எழுத்தே முழுக் கோடாக உள்ள வேறு பார்ட்டி வரலாம்.

ஆகவே பட்டியலை முகவரியிலிருந்து தொடங்காதீர்கள். வேர் (WHERE, நிபந்தனை) பகுதியில், ஜாயினில், டெலீட்டில் பயன்படும் பாராமீட்டர்களை முதலில் பாருங்கள். பட்டியலாக அனுப்பும் எண்களுக்கு, டேபிளையே மதிப்பாக ஏற்கும் டேபிள்-வேல்யூட் பாராமீட்டர் பயன்படுத்துங்கள். அதில் ஸ்ட்ரிங் ஃபீல்டு இருந்து நீளம் மிஞ்சினால் எரராகவே வரும், சத்தமில்லாமல் வெட்டாது. உடனே மாற்ற முடியாவிட்டால் என்வார்சார்(மேக்ஸ்) ஆக்கி, எத்தனை லாட் என்ற எண்ணிக்கையை இன்னொரு பாராமீட்டராக அனுப்பி, உள்ளே பிரித்ததும் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

#10 பள்ளத்தாக்கு_கோடு (கம்பம்)

லாட்_எண் சேட்டா சொன்னதற்கு நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எல்லாப் பாராமீட்டரையும் மேக்ஸ் ஆக்கிவிட்டால் என்ன? ஒரே வீச்சில் பிரச்சினை தீர்ந்துவிடுமே.

#11 மெட்டுச்சாலை (குமுளி)

எல்லாவற்றையும் மேக்ஸ் ஆக்க வேண்டாம் தம்பி. மேக்ஸ் பாராமீட்டரை என்வார்சார்(20) ஃபீல்டோடு வேர் பகுதியில் ஒப்பிட்டால் பிளான் நேராக வராது. நிபந்தனையை ஸ்கேனுக்குள் தள்ள முடியாமல், எடுத்த பிறகு வடிகட்டும் வேலையாகிவிடும். சீசன் நேரத்தில் பெரிய டேபிளில் இது தெரியும். அதே வேகத்தில் வார்சார் ஃபீல்டுக்கு என்வார்சார் பாராமீட்டர் வைத்துவிடாதீர்கள். ஃபீல்டு முழுவதையும் மாற்றி ஒப்பிடப் போகும், எஸ்கியூஎல் கொலேஷனில் இன்டெக்ஸில் நேராகத் தேடும் சீக், முழுதும் புரட்டும் ஸ்கேன் ஆகிவிடும்.

நான் சொல்வது ஒன்று கூட்டும் முறை. ஃபீல்டு 150 என்றால் பாராமீட்டர் 151. யாராவது 200 எழுத்து அனுப்பினால் 151 ஆக வெட்டுப்பட்டு உள்ளே வரும். இன்சர்ட் செய்யும்போது 150-ஐத் தாண்டுவதால் 2628 எழும். காவல் இல்லாத வாசலில் வந்தது காவல் உள்ள வாசலில் மாட்டிக்கொள்ளும். வேர் பகுதியிலும் இது உதவும். அளவு மீறிய கோடு எந்தப் பதிவோடும் ஒத்துப்போகாது, லாட்_எண் பயந்த தவறான பதிவு வராது.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் புரொசீஜரின் முதல் வரியிலேயே நீளத்தைப் பார்த்து, 150-க்கு மேல் என்றால் த்ரோ செய்யுங்கள் (நீங்களே எரர் எழுப்பும் கட்டளை). அந்த எரர் எண் 50000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். த்ரோவுக்கு முந்தைய வாக்கியம் அரைப்புள்ளியில் முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் த்ரோவை அது வேறெதோ என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பாராமீட்டர், அனுமதித்த நீளம் எவ்வளவு என்று செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

ஒன்று கூட்டும் முறை வேலை செய்ய "ஆன்சி_வார்னிங்ஸ்" ஆன் இருக்க வேண்டும். கூட்டல் குவெரிகளில் நல் மதிப்புகள் நீக்கப்பட்டன என்ற வார்னிங் தொந்தரவாக இருக்கிறது என்று சில பழைய புரொசீஜர்களின் தலையில் அதை ஆஃப் செய்திருப்பார்கள். அதோடு டேபிள் காவலும் போய்விடும். சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸில் அந்த வரியையும் தேடுங்கள். 2016, 2017 வைத்திருப்பவர்களுக்கு 2628-ன் விவரமான செய்தி வேண்டுமென்றால் 2016-ல் எஸ்பி2 சியூ6, 2017-ல் சியூ12 போட்டு ட்ரேஸ் ஃபிளாக் 460 ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஃபீல்டு என்று சொல்லாத பழைய 8152-தான்.

#12 எல்லைச்சாவடி (களியக்காவிளை)

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்காக. அங்கே ஸ்ட்ரிக்ட் மோடு இருந்தால் புரொசீஜர் பாராமீட்டர் நீளம் மிஞ்சினாலும் 1406 எரர் வரும், எஸ்கியூஎல் சர்வரைப் போலச் சும்மா விடாது. 5.7-லிருந்து ஸ்ட்ரிக்ட் முன்னிருப்பு. "ஸ்ட்ரிக்ட் ஆன்தான், ஆனாலும் வெட்டுப்படுகிறது" என்றால், புரொசீஜரை உருவாக்கிய நேரத்தில் இருந்த எஸ்கியூஎல்_மோடைத்தான் அது தன்னோடு வைத்துக்கொண்டு ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய சர்வரிலிருந்து டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றினாலும் பழைய மோடே கூட வரும். ஷோ கிரியேட் புரொசீஜர் போட்டால் தெரியும். ஆல்டர் புரொசீஜரால் மாற்ற முடியாது, நீக்கிவிட்டு ஸ்ட்ரிக்ட் உள்ள செஷனில் மறுபடி உருவாக்க வேண்டும். குரூப்_கன்கேட் 1024-ல் நிற்பது தனி விஷயம், குரூப்_கன்கேட்_மேக்ஸ்_லென் ஏற்றினால் போதும்.

போஸ்ட்கிரெஸ் வேறு விதம். ஃபங்ஷன் ஆர்குமென்டில் வார்சார்(50) என்று எழுதினாலும் அந்த 50-ஐ அது தூக்கிப் போட்டுவிடும், வாசலில் வெட்டே இல்லை. டேபிளில் எழுதும்போது எரர் வரும். ஆனால் வெளிப்படையாக வார்சார்(50) என்று காஸ்ட் செய்தால் சத்தமில்லாமல் வெட்டும்.

#13 ஏலக்காய்_கணக்கு (போடிநாயக்கனூர்)

லாட்_எண் சொன்ன இடத்தை முதலில் தேடினேன். லாட் மூடும் புரொசீஜரில் பட்டியல் பாராமீட்டர் வார்சார்(100). இன்று இரவே மாற்றுகிறேன், எண்ணிக்கைச் சோதனையோடு.

ஏற்கெனவே வெட்டுப்பட்டு ஏறிய பதிவுகளை எப்படிப் பிரிப்பது? இ-இன்வாய்ஸ் ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு எண்) ஃபீல்டிலும் சந்தேகம் இருக்கிறது.

#14 அளவுகோல் (செங்கோட்டை)

நீளத்தின்படி குரூப் செய்து எத்தனை பதிவு என்று எண்ணுங்கள். இயல்பான முகவரிகள் 30, 42, 57, 61 என்று சிதறிக் கிடக்கும். வெட்டுப்பட்ட காலத்துப் பதிவுகளில் 50-ல் மட்டும் ஒரு கோபுரம் நிற்கும், அதற்கு மேல் காலியாக இருக்கும். அந்தக் கோபுரம்தான் உங்கள் சேதம். எழுத்துகளை எண்ணும் லென் போடாமல் டேட்டாலெங்த் போட்டு 100 பைட் என்று தேடுங்கள். 50-ஆவது இடம் இடைவெளியாக அமைந்த பதிவுகளில் லென் கடைசி இடைவெளியை எண்ணாமல் 49 என்று சொல்லும், அவை தப்பிவிடும். 50-ல் இயல்பாகவே முடியும் நல்ல முகவரிகளும் சில இருக்கும். கடைசி ஆறு எழுத்தும் இலக்கம் என்றால் பின்கோடு வந்துவிட்டது, அவற்றை விட்டுவிடலாம்.

ஐஆர்என்-க்குத் தேடல் தலைகீழ். அதன் நீளம் எப்போதும் 64, அதற்குக் குறைந்தால் சேதம், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஃபீல்டை சார்(64) என்று வைத்திருந்தால், 50-ல் வெட்டுப்பட்டதும் மிச்சம் 14 இடத்தை இடைவெளியால் நிரப்பிவிடும். டேட்டாலெங்த் 64 என்று சொல்லி ஏமாற்றும். அங்கே லென் போடுங்கள். ஜிஎஸ்டிஐஎன் 15, ஐஎஃப்எஸ்சி 11, இ-வே பில் எண் 12, இவையும் நீளம் மாறாதவை என்பதால் அதே போலச் சோதிக்கலாம். பில் எண் 16 வரை போகலாம், அதில் நீளத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

#15 மெட்டுச்சாலை (குமுளி)

மாற்றும் வரிசையையும் எழுதிவிடுகிறேன், உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முதலில் டேபிள் ஃபீல்டு. ஆல்டர் காலம் (ALTER COLUMN) எழுதும்போது நாட் நல் என்பதை மறுபடி எழுதுங்கள், விட்டால் ஃபீல்டு நல் ஏற்கும் ஒன்றாக மாறிவிடும். அடுத்து புரொசீஜருக்குள் உள்ள டெம்ப் டேபிள்கள், வேரியபிள்கள். பிறகு பாராமீட்டர். கடைசியில் அப்ளிகேஷனின் சைஸும் திரைப் பெட்டியின் மேக்ஸ்லெங்தும். வெளியிலிருந்து தொடங்கினால், நடுவில் இருக்கும் நாட்களில் பயனர் நீளமாகத் தட்டுவார், உள்ளே எங்கோ வெட்டுப்படும், சேதப் பட்டியல் இன்னும் நீளும்.

பாராமீட்டருக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பெயரில் வகை உருவாக்கி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் நாள் அழகாக இருக்கும். நீளத்தை மாற்ற வேண்டிய நாளில் அந்த வகையை ஆல்டர் செய்ய முடியாது, பயன்படுத்தும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். டெம்ப் டேபிளில் பயன்படுத்த டெம்ப்டிபி-யிலும் அதை உருவாக்க வேண்டும். நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன். சிஸ்.பாராமீட்டர்ஸ் ஒப்பீட்டுக் குவெரியை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டுவது எளிது.

அண்ணே, அறுந்த முகவரிகளை ஊகித்து முடிக்க வேண்டாம். "உடும்பன" என்பதை உடும்பன்சோலை என்று யாரும் நிரப்பிவிடலாம், அதற்குப் பின்னால் இருந்த பின்கோட்டை நிரப்ப முடியாது. ஒரு கொடி ஃபீல்டு சேர்த்து அந்தப் பதிவுகளை அடையாளமிட்டு, அடுத்த முறை அந்த விவசாயிக்குப் பில் போடும்போது முழு முகவரி கேட்காமல் நகராதபடி திரையில் நிறுத்துங்கள். ஐஆர்என் மட்டும் உடனே சரிசெய்ய வேண்டியது, இ-இன்வாய்ஸ் போர்ட்டலிலிருந்து வந்த ஜேசன் கோப்பிலிருந்து 64 எழுத்தையும் மறுபடி ஏற்றிவிடுங்கள்.